பதினேழாவது கேள்வி

பதினாறு கேள்விகள் வரைக்கும் அமிர்தவல்லி விறுவிறுவென்று வந்துவிட்டாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரம் காயாத கையோடு பேனாவை எடுத்தவள், குடிநீர் வசதி போதுமானதாக உள்ளது என்பதற்கு உடன்படுகிறேன், மின்விசிறிகள் நல்ல நிலையில் உள்ளன என்பதற்கு ஓரளவு உடன்படுகிறேன் என்று கட்டம் கட்டமாக டிக் அடித்துக்கொண்டே போனாள். மின்விசிறிக்கு ஓரளவு போட்டது அவள் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து இரக்கப்பட்டு. சான்றிதழ் பிரிவுக்கு அவள் வந்த நாளிலிருந்து அது அதே முனகலோடுதான் சுற்றுகிறது. படிவத்தின் தலைப்பில் ‘பல்கலைக்கழக நிர்வாகப் பணியாளர் மனநிறைவு ஆய்வு’ என்று போட்டிருந்தது. அடுத்த மாதம் வெளியூரிலிருந்து மதிப்பீட்டுக் குழு வரப்போகிறதாம், அதற்குள் எல்லோருக்கும் மனம் நிறைந்திருக்கிறதா என்று கணக்கெடுக்க வேண்டுமாம். பெயர் எழுத வேண்டாம், உங்கள் பதில்கள் இரகசியமாக வைக்கப்படும் என்று தடித்த எழுத்தில் அச்சடித்துவிட்டு, அதற்குக் கீழேயே பாலினம், வயது, பிரிவு, பதவி, பணிக்காலம் என்று ஐந்து கட்டங்கள் வைத்திருந்தார்கள். பெண். ஐம்பத்தைந்துக்கு மேல். சான்றிதழ் பிரிவு. கண்காணிப்பாளர். இருபத்தொன்பது வருடம். இந்த ஐந்தும் சேர்ந்த உயிர் இந்தப் பல்கலைக்கழகத்தில் ஒன்றே ஒன்றுதான். பெயரையும் எழுதிவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பைப் பகிர்ந்துகொள்ள நிமிர்ந்து பார்த்தாள். எதிர் மேஜைகளில் இருந்த நாலு பேரும் குனிந்திருந்தார்கள், இரண்டு பேர் படிவத்தின் மேல், இரண்டு பேர் கைபேசியின் மேல். சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போயிற்று. அப்போதுதான் கண் பதினேழுக்கு இறங்கியது. ‘என் மகிழ்ச்சியையும் துயரத்தையும் பகிர்ந்துகொள்ள என் பணியிடத்தில் ஒருவராவது இருக்கிறார்.’

இதையெல்லாம் எதற்குக் கேட்கிறார்கள். குடிதண்ணீரைக் கேட்கலாம், கழிவறையைக் கேட்கலாம், இது என்ன கேள்வி. மேலாண்மைத் துறையில் யாரோ உட்கார்ந்து எழுதியிருப்பார்கள், வெளிநாட்டுப் படிவத்தைப் பார்த்து. ஒருவராவது. அந்த ‘ஆவது’தான் உறுத்தியது. நாலு பேர் வேண்டாம், மூன்று பேர் வேண்டாம், ஒரே ஒரு ஆள் இருந்தால் போதும் என்று பெரிய மனசு பண்ணி இறங்கி வந்து கேட்கிற மாதிரி. முற்றிலும் மறுக்கிறேன் என்று போட்டால் யாராவது கவனிப்பார்களா. பதிவாளர் அறையில் கூப்பிட்டு உட்காரவைத்து, என்னம்மா, உங்க செக்‌ஷன்ல என்ன பிரச்சினை என்று கேட்பார்களா. அப்படிக் கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று ஒரு பயம். கேட்காமலே விட்டுவிட்டால் என்று அதைவிடப் பெரிய பயம் ஒன்று, அதன் முதுகில் ஏறிக்கொண்டு வந்தது. நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்த அறையைப் பூட்டும்போது, சரி வாரேன் என்று யாரிடமோ சொன்னாள். அதற்குப் பிறகு சனிக்கிழமை முழுக்க, ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயைத் திறக்க ஒரு காரணமும் வாய்க்கவில்லை. இன்று காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் யுனிவர்சிட்டி ஒண்ணு என்று கேட்டபோது குரல் கீறல் விழுந்து வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தரம் சொன்னாள். நேற்று முன்தினமா, அதற்கும் முந்தின நாளா. இன்று திங்கள். நாட்களைக்கூட ஒழுங்காக எண்ண வரவில்லை. பேச்சில்லாத நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடுகின்றன, ஈரத்தில் ஒட்டிக்கொண்ட காகிதங்களைப்போல, பிரிக்கப் போனால் கிழிகிறது.

பதினேழை விட்டுவிட்டுப் பதினெட்டுக்குப் போகலாம் என்றால் கண் மேலே ஏறி ஒன்பதில் போய் நின்றது. ‘பதவி உயர்வுகள் நியாயமான முறையில் வழங்கப்படுகின்றன.’ அதில் அவள் உடன்படுகிறேன் என்று டிக் அடித்திருந்தாள். எப்போது அடித்தாள்? யோசிக்காமலே அடித்திருக்கிறாள், கை அதுவாகப் போய் அடித்திருக்கிறது. பதினோரு வருடப் பழக்கம் கைக்கு. இந்த நாற்காலியில் முதல் நாள் உட்கார்ந்தபோது கைப்பிடி இரண்டும் அகலமாகத் தோன்றியது, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். இது பியூலாவுக்கு வரவேண்டிய நாற்காலி. பணிமூப்புப் பட்டியலில் அவள் பெயர் ஒரு படி மேலே இருந்தது, ஏழே மாத வித்தியாசம். பியூலா உட்கார்ந்திருந்தால் முதல் நாளே கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, என்ன வல்லி, சூப்பிரண்டுக்கு ஒரு டீ சொல்ல மாட்டியா என்று கேட்டிருப்பாள். கேட்டுவிட்டு அவளே எழுந்து போய் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்திருப்பாள். பதினாலு வருடம் இரண்டு பேரும் எதிரெதிர் மேஜை. பியூலாவின் மீன்குழம்பு வாசனை படாமல் இவள் தயிர்ச்சாதத்தைத் தள்ளிவைத்துச் சாப்பிடுவாள், அவள் வேண்டுமென்றே டப்பாவை அங்குலம் அங்குலமாக இந்தப் பக்கம் நகர்த்துவாள். வேலை செய்யும்போது வாய்க்குள்ளேயே ஏதோ வேதக்கோயில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பாள், பாட்டு நின்றால் கணக்கில் ஏதோ தப்பு கண்டுபிடித்துவிட்டாள் என்று அர்த்தம். இவளுக்குக் கல்யாணப் பேச்சு வந்து வந்து நின்றுபோனபோதெல்லாம் ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னதில்லை. வா, வெளியே நடப்போம் என்று கூட்டிக்கொண்டு போய் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கொண்டுவந்து விடுவாள். அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது. அதுதான் அந்த ஒருவராவது.

எதிர் மேஜையில் யாரோ ஸ்டேப்ளரை அமுக்கினார்கள். அந்தச் சத்தத்தில் புதன்கிழமை வந்தது. புதன்கிழமை எப்போதும் இப்படித்தான் வரும், ஏதாவது ஒரு சின்னச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு. பட்டமளிப்பு விழாவுக்கு ஒன்பது நாள் இருந்த புதன்கிழமை. மேஜை மேல் முந்நூற்று நாற்பது சான்றிதழ்கள், அச்சகத்திலிருந்து வந்த சூட்டோடு, மை வாசனையோடு. ஒருத்தர் மதிப்பெண் பதிவேட்டிலிருந்து பெயர், எண், வகுப்பு என்று உரக்க வாசிக்க வேண்டும், இன்னொருத்தர் அச்சடித்த சான்றிதழில் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். கடைசியில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், வாசித்தவர், ஒப்புநோக்கியவர் என்று. வல்லி வாசிப்பாள், பியூலா பார்ப்பாள். அன்றைக்கு மூன்று மணிக்கு அப்பா குளியலறையில் விழுந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. அவள் எழுந்து நின்றாள், நின்றபடியே நின்றாள். அனுமதி கேட்கத் துணைப் பதிவாளர் அறைக்குப் போனால் அவர் கூட்டத்தில் இருந்தார். நீ போ வல்லி, நான் பாத்துக்கிடுதேன் என்றாள் பியூலா. பெர்மிஷன் எழுதிக் கொடுத்துட்டுப் போறேனே என்றதற்கு, எழுதிக்கிட்டு நிப்பியா, அங்க ஒரு மனுஷன் தரையில கிடக்காரு, போ என்று கைப்பையை எடுத்துக் கையில் திணித்தாள். மறுநாள் காலை அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, தூங்காத கண்ணோடு வந்தபோது, முந்நூற்று நாற்பதும் அடுக்கி நூல் கட்டியிருந்தது. ஒப்புநோக்கியவர் இடத்தில் எல்லாவற்றிலும் பியூலாவின் சாய்ந்த கையெழுத்து. வாசித்தவர் இடத்தில் வெறுமை. வல்லி உட்கார்ந்து ஒரு மணிநேரத்தில் முந்நூற்று நாற்பதிலும் கையெழுத்துப் போட்டாள். ஒன்றையும் வாசிக்கவில்லை. பார்க்கக்கூட இல்லை. அவற்றில் ஒன்றில், இரண்டாம் வகுப்பில் தேறிய ஒருவனுக்கு முதல் வகுப்பு என்று இருந்தது.

அது வெளியே வர ஒன்றரை வருடம் ஆயிற்று. அந்தச் சான்றிதழை வைத்து அவன் வேலை வாங்கி, யாரோ மொட்டைக்கடிதம் போட்டு, விசாரணை வந்தது. மூன்று பேர், ஒரு நீள மேஜை, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர். அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கவில்லை, அதில் மின்விசிறி தெரிந்தது. ‘நீங்கதான் வாசிச்சீங்களா?’ ‘ஆமா சார்.’ ‘சரியாத்தான் வாசிச்சீங்களா?’ ‘சரியாத்தான் வாசிச்சேன் சார்.’ இரண்டு வாக்கியம். இரண்டும் சேர்ந்து ஏழு வார்த்தைகூட வராது. சொல்லும்போது நாக்கு தடுக்கவில்லை, அதுதான் இன்றைக்கும் நம்ப முடியாதது. மாட்டினால் அறுபது மைலுக்கு அப்பால் விரிவாக்க மையத்துக்குத் தூக்கி அடிப்பார்கள் என்று வெளியே பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையோடு படுக்கை. அவரை யார் திருப்பிப் படுக்க வைப்பது, யார் கஞ்சி ஊற்றுவது. அந்தக் கேள்வி மட்டும்தான் அப்போது தலைக்குள் இருந்தது என்று பிற்பாடு பல தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாசித்தவள் சரியாக வாசித்தாள் என்றால் தப்பு பார்த்தவளுடையது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள், பியூலா உள்ளே போனாள். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. ‘உங்க தரப்புல ஏதாவது சொல்லணுமாம்மா?’ என்று ஒரு குரல் கேட்டது. வல்லி பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள். ஒரு வார்த்தை, அவள் அன்னைக்கு இல்ல சார் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘இல்ல சார்’ என்றாள் பியூலா. வெளியே வந்தவள் இவளைப் பார்த்தாள். கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். தெரியாத பஸ் ஸ்டாப்பில் நிற்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு நடந்து போனாள். பதவி உயர்வை மூன்று வருடம் நிறுத்திவைத்தார்கள். நாலு வருடம் விரிவாக்க மையத்துக்குத் தினம் போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. திரும்பி வந்தபோது தொலைநிலைக் கல்விக் கட்டடத்தில் போட்டார்கள். மைதானத்துக்கு அந்தப் பக்கம். இந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும்.

அப்பாவுக்காக. அந்த ஒரு சொல்லை ஒன்பது வருடம் கைத்தடி மாதிரி ஊன்றிக்கொண்டு நடந்தாள். இரண்டு வருடத்துக்கு முந்தி அப்பா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டு உட்கார்ந்தபோது முதலில் தோன்றியது துக்கமில்லை. இனிமேல் சொல்லிவிடலாமே என்பதுதான் தோன்றியது. தோன்றிய வேகத்தில் பயந்துபோய் எழுந்து, கழுவின தரையையே இன்னொரு தரம் கழுவினாள். அப்புறம் இரண்டு வருடம். யார் தடுத்தது? அடுத்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி பியூலா ஓய்வு பெறுகிறாள், சுற்றறிக்கை வந்து பலகையில் ஒட்டியிருக்கிறது. சந்தன மாலை, சால்வை, ஒரு டப்பா இனிப்பு, நல்ல மனுஷி என்று நாலு பேர் பேசுவார்கள். கோப்பில் மட்டும் கவனக்குறைவு என்று இருக்கும், அவள் போன பிறகும், அலமாரியில், நூல் கட்டி.

மணி மூன்றேகால். கை இன்டர்காமை எடுத்தது. மூன்று இலக்க எண், பதினோரு வருடத்தில் எண்கள் மாறியிருந்தும் அவளுக்கு மனப்பாடம், ஒரு தடவைகூடச் சுழற்றாமலே மனப்பாடம். மூன்றாவது மணியோசையில் எடுத்தார்கள்.

‘தொலைநிலைக் கல்வி.’

அதே குரல். கொஞ்சம் கரகரத்திருக்கிறது.

‘நான் சான்றிதழ் பிரிவுலேர்ந்து… அமிர்தவல்லி.’

‘சொல்லுங்க மேடம்.’

மேடம். பதினாலு வருடம் வல்லி, இப்போது மேடம். ‘அந்த ஆய்வு ஃபாரம்… குடுத்தாச்சா?’

‘காலையிலயே குடுத்துட்டேனே மேடம். ஏன், திருப்பிக் கேக்காங்களா?’

‘இல்ல. பதினேழாவது கேள்வி…’

‘எல்லாத்துக்கும் நடுக்கட்டத்துலதான் போட்டேன். யாரு வாசிக்கப் போறா.’

பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம், பியூலாக்கா, டீ ஆறுது என்று ஒரு குரல். அங்கே அவளுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். வல்லி ரிசீவரைக் கையால் மறைத்துக்கொண்டாள், தன் பிரிவில் யாருக்கும் கேட்கக்கூடாது என்று. பிறகு கையை எடுத்தாள்.

‘அன்னைக்கு நான் இல்ல. மூணு மணிக்கே போயிட்டேன். நான் வாசிக்கவே இல்ல.’

மறுமுனையில் குரல் வந்தது, சத்தம் குறைந்து.

‘எனக்குத் தெரியும்லா. நாந்தான போகச் சொன்னேன்.’

‘பியூலா…’

‘எனக்குத் தெரிஞ்சதை எங்கிட்டயே எதுக்குச் சொல்லுதீங்க? அவங்ககிட்டல்லா சொல்லணும்.’ பிறகு, ‘வச்சிரட்டா மேடம், ஆளு நிக்காங்க’ என்றாள். வைத்துவிட்டாள்.

ரிசீவரை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. அது கொய்ங் என்று அலறத் தொடங்கியதும் எதிர் மேஜைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள், வல்லி அதை மெதுவாக இறக்கிவைத்தாள். தான் எதிர்பார்த்தது என்ன? அழுவாள் என்றா, திட்டுவாள் என்றா, போகட்டும் விடு வல்லி என்பாள் என்றா. ஆமாம், அதைத்தான். போகட்டும் விடு என்று ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போய் மிச்சமிருக்கிற மூன்று வருடத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் போன் பண்ணியிருக்கிறாள். அன்றைக்கு மாதிரியே இன்றைக்கும், பியூலாவே இரண்டு பேர் வேலையையும் பார்க்க வேண்டும். தப்பைச் சுமந்தவளே மன்னிப்பையும் சுமந்துகொண்டு மைதானத்தைத் தாண்டி வந்து கொடுத்துவிட்டுப் போக வேண்டும். முகம் சுட்டது. தண்ணீர் குடித்தாள். அவங்ககிட்டல்லா சொல்லணும். அவங்க என்றால் யார்? அந்த மூன்று பேரில் ஒருவர் செத்துப்போனார், இரண்டு பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். துணைப் பதிவாளர் மகனோடு எங்கேயோ இருக்கிறார். சொல்ல ஆளே இல்லை என்று ஒரு கணம் மனசு துள்ளியது. துள்ளியதைப் பார்த்து அவளுக்கே வெறுப்பாக இருந்தது. ஆள் எதற்கு. கோப்பு இருக்கிறதே.

நாலு மணிக்கு ஆபீஸ் அசிஸ்டென்ட் சுடலைமுத்து படிவங்களை வாங்க வந்தார். அறுபதை நெருங்குகிற மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். ‘மேடம், ஒண்ணு விட்டுருக்கீங்களே. விட்டுட்டா செல்லாதுன்னு சொல்லியிருக்காங்க.’ அவள் வாங்கி, பதினேழில் கடைசிக் கட்டத்தில் டிக் அடித்தாள். முற்றிலும் மறுக்கிறேன். பிறகு ஒன்பதாவது கேள்விக்குப் போய் உடன்படுகிறேன் என்பதை அடித்துவிட்டு, அங்கேயும் கடைசிக் கட்டத்தில் போட்டாள். சுடலைமுத்து பார்த்தார். படிவத்தை வாங்கி அடுக்கின் நடுவில் செருகினார். அவரும் முப்பது வருடமாக இங்கே இருக்கிறார்.

அவர் போனதும் வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தாள். எத்தனையோ பேருக்கு வரைவு எழுதிக் கொடுத்த கை, அதனால் தலைப்பு தானாக வந்தது. பெறுநர், பதிவாளர். பொருள். பார்வை. பார்வையில் விசாரணைக் கோப்பின் எண்ணை எழுத அலமாரியைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அதற்குக் கீழே வந்ததும் பேனா நின்றது. நான் என்று தொடங்குவதா, தாங்கள் கருணைகூர்ந்து என்று தொடங்குவதா. கருணைகூர்ந்து என்று எழுதி அடித்தாள். தந்தையாரின் உடல்நிலை காரணமாக என்று எழுதினாள். அது உண்மைதான், இருந்தாலும் அடித்தாள். தாளைக் கிழித்துவிட்டு இன்னொன்று எடுத்தாள். பொய் அறிக்கை கொடுத்ததற்குக் குற்றச்சாட்டு வரும், மூன்று வருடத்தில் வரவேண்டிய ஓய்வு எப்படி எப்படியோ ஆகும், இதே நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொல்வார்கள், எதிர் மேஜை நாலு பேரும் அப்போதாவது நிமிர்ந்து பார்ப்பார்கள். எல்லாப் பயங்களும் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றாக முகத்தைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த முகங்கள். பதினோரு வருடம் கூடவே சாப்பிட்டுக் கூடவே தூங்கியவை. வேறு யார்தான் அவள்கூட இருந்தார்கள்.

‘மேற்படி விசாரணையில் நான் அளித்த வாக்குமூலம் உண்மையல்ல. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு மேல் நான் அலுவலகத்தில் இல்லை. சான்றிதழ்களை நான் வாசிக்கவில்லை. மறுநாள் காலை ஒன்றையும் பார்க்காமல் கையொப்பமிட்டேன். எனக்காக இருவர் வேலையையும் ஒருவராகச் செய்த திருமதி பியூலா அவர்கள் மீது மட்டும் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுவதால், அதற்கு முன் அவரது பணிப்பதிவேட்டில் இது திருத்தப்பட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். என் மீது எடுக்கப்படும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன்.’ பெயர், பதவி, தேதி. கையெழுத்தைப் போடுமுன் முழுக்க ஒரு தடவை வாசித்தாள், உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாக.

தபால் பிரிவு கீழ்த்தளத்தில், ஐந்தரைக்கு மூடுவார்கள். காஜா மைதீன் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் முத்திரைக் கட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கவரில் போடாமல் அசலையும் நகலையும் திறந்த தாளாக நீட்டியதைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம்.

‘என்ன மேடம், நீங்களே வந்துட்டீங்க. சுடலைமுத்துகிட்ட குடுத்து விட்டிருக்கலாமே.’

‘இல்ல, நானே குடுக்கணும். நகல்ல சீல் போட்டுத் தாங்க.’

அவர் பொருள் வரியை ஓடவிட்டுப் பார்த்தார், விசாரணை என்ற சொல் கண்ணில் பட்டிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, ‘புகாரா? யாரு மேல மேடம்?’ என்றார்.

‘என் மேலதான்.’

அவர் சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. தேதியைத் திருப்பிச் சரிசெய்து, அசலில் ஒன்று, நகலில் ஒன்று என்று இரண்டு தடவை குத்தினார். பதிவேட்டில் எண் எழுதினார். நகலை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. காஜா மைதீன் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாப்புக்கு மைதானத்தின் ஓரமாகவே நடந்தாள். வெயில் இறங்கி, புல் காய்ந்த வாசனை. நிழற்குடையின் அந்தக் கோடியில் பியூலா நின்றாள், தொலைநிலைக் கல்விப் பெண்கள் இரண்டு பேரோடு. தலை நிறைய நரைத்திருந்தது. ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவள் இவளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தவில்லை, கொஞ்சம் குறைத்துக்கொண்டாள். பத்தடி தூரம்தான். கைப்பையைத் திறந்து நகலை எடுத்து நீட்டினால் போதும். வல்லியின் கை பையின் ஜிப் வரைக்கும் போயிற்று. போய்க் காட்டினால் அது சொல்வது ஆகாது, மன்னிப்பைக் கேட்டு வாங்குவது ஆகிவிடும். நாளைக்கோ அடுத்த வாரமோ பதிவாளர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு அவளிடம் சொல்வார்கள், முறைப்படி, கோப்பு எண்ணோடு. அப்படியே அவள் தெரிந்துகொள்ளட்டும். அதற்குப் பிறகு அவள் என்ன நினைக்கிறாள் என்பது அவளுடையது. கை ஜிப்பிலிருந்து இறங்கியது. ஐந்து நாற்பது பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. நிறைய இடம் இருந்தது. பியூலா முன்பக்கப் படியில் ஏறினாள், ஏறும்போது முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு. அமிர்தவல்லி அடுத்த பஸ்ஸுக்கு நின்றாள்.